படுத்தால் மூச்சு வாங்குகிறது, அப்பாயின்ட்மென்ட்டோ மூன்று வாரம் கழித்து: என்ன செய்வது?

சோளிங்கர் வாசகரின் கேள்வி, 3 நவம்பர் 2025

என் தந்தைக்கு வயது அறுபத்தெட்டு. நெடுநாளாகச் சர்க்கரை நோய் உண்டு. சென்ற மாதத்திலிருந்து இரண்டு கால்களும் வீங்கியிருக்கின்றன. இங்குள்ள ஆய்வகத்தில் இரத்தம் கொடுத்துப் பார்த்ததில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 6.8 என்று வந்தது. வேலூரில் சிறுநீரக நிபுணர் ஒருவரின் தனியார் கிளினிக்கில் கேட்டால், மூன்று வாரம் கழித்துத்தான் தேதி இருக்கிறது என்கிறார்கள். தேதியை முன்னுக்குக் கொண்டுவந்து தருவதாக ஒருவர் இரண்டாயிரம் ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? இரண்டு நாளாக இரவில் படுத்தால் மூச்சு வாங்குகிறது என்றும் அப்பா சொல்கிறார்.

காட்பாடியிலிருந்து என் பதில், 3 நவம்பர், இரவு

பணம் கொடுக்க வேண்டாம். அந்தத் தேதிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். நீங்கள் கடைசியாக எழுதிய வாக்கியம்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்திருக்க வேண்டியது. சிறுநீரகம் பழுதான ஒருவருக்குக் கால் வீக்கத்தோடு, படுத்தால் மூச்சு வாங்குவதும் சேர்ந்துகொண்டால், உடலிலிருந்து வெளியேற வேண்டிய நீர் நுரையீரலில் தேங்கத் தொடங்கிவிட்டதோ என்றுதான் எந்த மருத்துவரும் முதலில் சந்தேகிப்பார். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு குலையும் ஆபத்தும் இதே நிலையில்தான் வருகிறது. அது எந்த அறிகுறியும் காட்டாமலே வரக்கூடும்.

இன்றிரவே 108ஐ அழையுங்கள். வாலாஜா அரசு தலைமை மருத்துவமனையோ அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, வண்டியில் வருபவர்கள் எது சரி என்கிறார்களோ அங்கே செல்லுங்கள். இரத்தப் பரிசோதனைச் சீட்டு, அவர் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள், ஆதார், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை ஆகியவற்றை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அழைத்துப் போகும்போது அவரைப் படுக்க வைக்காமல், முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

காட்பாடி, 4 நவம்பர்

நேற்று அவ்வளவு அழுத்தமாக எழுதியதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு மழைக்காலம் முடியும் தறுவாயில் என் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்கிறார்; இரண்டு மாடுகள் வைத்திருக்கிறார்; வரப்பில் புல் அறுத்துச் சுமந்து வருவார். காய்ச்சலுக்கு உள்ளூரில் ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள், இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருப்பதால் டெங்குவாக இருக்கலாம் என்றார்கள். டெங்குப் பரிசோதனையில் இல்லை என்று வந்தது. காய்ச்சலோ இறங்கவே இல்லை. பெரிய மருத்துவர் ஒருவரிடம் காட்டிவிடலாம் என்று நகரத்திலுள்ள ஒரு நிபுணரின் கிளினிக்குக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்த பெண் மரியாதையாகவே பேசினார். நோயாளியின் பெயர், வயது, கைப்பேசி எண், புதிய நோயாளியா, பழைய நோயாளியா என்று கேட்டுவிட்டு, "வியாழக்கிழமைதான் இருக்கு மேடம், போட்டுடட்டுமா?" என்றார். நானும் போடச் சொன்னேன். அன்று வெள்ளிக்கிழமை.

அந்த உரையாடலில் அம்மாவுக்கு என்ன செய்கிறது என்ற கேள்வி மட்டும் வரவேயில்லை. அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை. அவருக்குக் கொடுத்திருந்த படிவத்தில் அந்தக் கட்டமே இல்லை. முதுகுவலிக்காக வருகிறவருக்கும் மூச்சுத் திணறலோடு வருகிறவருக்கும் அந்தப் படிவம் ஒரே வியாழக்கிழமையைத்தான் கொடுக்கும்.

எங்களைக் காப்பாற்றியவர் என் சித்தி. கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை மாலை பார்க்க வந்தவர், அம்மாவிடம் நலம்கூட விசாரிக்காமல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, வயிற்றின் மேல் ஒரு கையை வைத்து, மற்றக் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி முழுதாக ஒரு நிமிடம் எண்ணினார். முப்பத்திரண்டு மூச்சு. "எந்த வியாழக்கிழமை? வண்டியைக் கூப்பிடு" என்றார். அப்போதும் அம்மா தெளிவாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பேசுகிறாரே, பிறகென்ன ஆபத்து என்று நாங்கள் அதுவரை நினைத்திருந்தோம்.

அடுக்கம்பாறையில் அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, "பாட்டி, புல் அறுக்கப் போவீங்களா?" என்பதுதான். போவேன் என்றதும், திரையை இழுத்துவிட்டு, காதுக்குப் பின்புறம், அக்குள், மார்பின் அடிப்பகுதி, இடுப்பு என்று ஒவ்வோர் இடமாக விளக்கு வைத்துத் தேடினார். உள்பாவாடை நாடா இறுகும் இடத்தில், சிகரெட் நுனியால் சுட்ட தழும்பைப் போலக் கருத்த பொருக்கோடு ஒரு சிறிய புண் இருந்தது. வலியோ அரிப்போ இல்லாததால், நாடா உராய்ந்த புண் என்று அம்மா விட்டுவிட்டிருக்கிறார். ஸ்க்ரப் டைஃபஸ். நம் பக்கத்தில் மழைக்குப் பிறகு குளிர் முடியும்வரை அதிகமாகப் பார்க்கப்படும் காய்ச்சல் இது. தொடக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டால் டாக்சிசைக்ளின் என்ற விலை மலிவான மாத்திரை போதும். இரண்டாவது வாரத்துக்குள் நுழையவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், மூளை என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும். சாதாரணமாகக் காய்ச்சலுக்குப் போடும் பென்சிலின் வகை ஊசிகள் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யா.

அம்மா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து மீண்டு வந்தார். வியாழக்கிழமை வரை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த மருத்துவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் அடுத்த படுக்கைக்குப் போனார்.

காட்பாடி, 5 நவம்பர்

மூச்சை எண்ணுவது எப்படி என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். நோயாளி அமைதியாக இருக்கும்போது, எண்ணுகிறோம் என்று அவரிடம் சொல்லாமல், வயிறோ மார்போ ஏறி இறங்குவதை ஒரு முறையாகக் கொண்டு முழு நிமிடமும் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பது பழகாத கைக்குச் சரிவராது. பெரியவர்களுக்கு இயல்பு 12 முதல் 20 வரை. காய்ச்சலில் 22ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். 25ஐயும் தாண்டினால் தேதி கேட்டுக்கொண்டிருக்கும் நேரம் கடந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்குக் கணக்கு வேறு. இந்த எண்களை அவர்களுக்குப் பொருத்த வேண்டாம்.

காட்பாடி, 5 நவம்பர், மாலை

பேரணாம்பட்டு வாசகர், மாட்டுக்கு உண்ணி மருந்து அடித்துவிட்டால் இந்தக் காய்ச்சல் வராதா என்று கேட்கிறார். வரும். மாட்டின் மேல் கண்ணுக்குத் தெரிகிற உண்ணி இதற்குக் காரணம் அன்று. புல்லிலும் புதரிலும் இருக்கும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணிப் பூச்சியின் இளம்புழு கடிப்பதால்தான் கிருமி உள்ளே போகிறது. புல்லறுக்கப் போனால் கை கால்களை மூடிக்கொள்வது, திரும்பியதும் தேய்த்துக் குளிப்பது, கட்டியிருந்த துணியைத் துவைத்துவிடுவது ஆகியவைதான் பயன் தரும். எல்லோருக்கும் கரும்பொருக்கு இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். பொருக்கே இல்லாமலும் நோய் வருகிறது.

நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்து இரத்தக்குழாய் வழியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நன்மை தருகிறது என்று 2023இல் வெளியான ஆய்வை முன்னின்று நடத்தியவர்கள் நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள். இந்த நோய்க்கான அறிவு நம் ஊரிலேயே இருக்கிறது. ஆனால் அந்த அறிவு இருக்கும் அறையின் கதவுக்கு நோயாளி உரிய நாளில் போய்ச் சேர வேண்டுமே.

காட்பாடி, 7 நவம்பர்

அவசரப் பிரிவில் செவிலியராக இருக்கும் வாணியம்பாடி வாசகர் எழுதியிருப்பது முக்கியமானது: "எல்லோரும் நேராக கேசுவாலிட்டிக்கு வாருங்கள் என்று எழுதாதீர்கள். மூன்று நாள் சளிக்கும் பழைய மூட்டுவலிக்கும் ராத்திரி பதினோரு மணிக்கு வந்து நிற்கிறார்கள். நெஞ்சுவலியோடு வருகிறவரைப் பார்க்க வேண்டிய கை, இவர்களுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறது."

இந்தக் கவலை நியாயமானது. ஆகவே முன்பு எழுதியதற்கு ஒரு வரம்பு போடுகிறேன். தேதி கிடைக்கவில்லை என்பது மட்டுமே அவசரப் பிரிவுக்குப் போகக் காரணம் ஆகாது. மூச்சுத் திணறல், நெஞ்சை அழுத்தும் வலி, முகம் கோணுவது, ஒரு கை கால் சோர்வது, பேச்சுக் குழறுவது, நினைவு தடுமாறுவது, சிறுநீர் மிகவும் குறைந்துபோவது, இரத்த வாந்தி அல்லது கருநிற மலம், நிற்காத வலிப்பு, காய்ச்சலோடு கை கால் சில்லிட்டுப்போவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் போகலாம், போக வேண்டும். கை கால் சோர்வு விஷயத்தில் ஒரு மணி நேரத்தைக்கூடத் தள்ளிப்போட முடியாது. மூளையில் இரத்தக்குழாய் அடைத்திருந்தால், அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். காலையில் அப்பாயின்ட்மென்ட் கேட்டுக்கொள்ளலாம் என்று இரவைக் கழித்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

அவசரப் பிரிவின் வாசலில் நடப்பதைச் செவிலியர் விவரித்திருக்கிறார். அதையும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில், உள்ளே வருபவரின் நாடி, இரத்த அழுத்தம், மூச்சு, ஆக்சிஜன் அளவு, நினைவு ஆகியவற்றைப் பார்த்து, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் முறை நடப்பில் இருக்கிறது. சிவப்பில் இருப்பவரை உடனே பார்ப்பார்கள். பச்சையில் இருப்பவர் காத்திருக்க வேண்டும். "நாங்கள் முதலில் வந்தோம்" என்று அங்கே சண்டை போடுவது முறையாகாது. அங்கே வரிசையைத் தீர்மானிப்பது வந்த நேரமன்று.

என்னுடைய கோரிக்கையும் இதிலிருந்துதான் பிறக்கிறது. அவசரப் பிரிவின் வாசலில் கேட்கும் கேள்வியை, அப்பாயின்ட்மென்ட் கொடுக்கும் மேசையிலும் ஏன் கேட்கக் கூடாது?

சோளிங்கர் வாசகர், 8 நவம்பர்

அப்பாவை அன்றிரவே சேர்த்துவிட்டோம். பொட்டாசியம் அதிகமாக இருந்தது, நுரையீரலில் நீர் இருந்தது என்றார்கள். கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்தார்கள். இப்போது படுத்து உறங்குகிறார். பணம் கேட்டவர் இன்னமும் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருக்கிறார்.

காட்பாடி, 8 நவம்பர்

நிம்மதியாக இருக்கிறது. இனித் தொடர்ந்து டயாலிசிஸ் தேவைப்படலாம். அரசு மருத்துவமனைகளில் அது கட்டணமின்றிக் கிடைக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் டயாலிசிஸ் உண்டு. காப்பீட்டு அட்டை இல்லையென்றால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்டது என்ற சான்றை வாங்கிக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தை அணுகுங்கள். கையில் ஊசி போடுவதையும் இரத்தம் எடுப்பதையும் பற்றி இப்போதே மருத்துவரிடம் கேளுங்கள். டயாலிசிஸுக்காகக் கையில் இரத்தக்குழாய்களை இணைக்கும் சிறு அறுவை சிகிச்சை பின்னால் தேவைப்படலாம். அதற்காக ஒரு கையின் இரத்தக்குழாய்களைக் காப்பாற்றி வைக்கச் சொல்வார்கள்.

காட்பாடி, 12 நவம்பர்

வேலூரில் இவ்வளவு மருத்துவமனைகள் இருந்தும் உள்ளூர்க்காரருக்குத் தேதி கிடைப்பதில்லையே, வெளியூர்க்காரர்கள்தான் எல்லா இடத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஆற்காடு வாசகர் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். அவருடைய வருத்தம் புரிகிறது. ஆனால் காட்பாடியில் வசிப்பவள் என்ற முறையில் நான் அன்றாடம் பார்ப்பதைச் சொல்கிறேன். ஹவுராவிலிருந்தும் குவாஹாட்டியிலிருந்தும் வரும் இரயில்களில், உட்கார முடியாதவரைப் போர்வையில் தாங்கி இறக்குகிறார்கள். பாபு ராவ் தெருவிலும் காந்தி ரோட்டிலும் உள்ள லாட்ஜுகளில், மண்ணெண்ணெய் ஸ்டவ்விலும் வாடகை கேஸ் அடுப்பிலும் பருப்பும் சாதமும் சமைத்துக்கொண்டு, தேதிக்காகக் கிடக்கிறார்கள். அவர்களுடைய ஊரில் இந்த மருத்துவம் இல்லாததால்தான் வருகிறார்கள். 1900ஆம் ஆண்டில் அமெரிக்கப் பெண் மருத்துவர் ஐடா ஸ்கடர் இங்கே சிறிய அளவில் தொடங்கிய மருத்துவப் பணி, பெண்களுக்கு மருத்துவர் இல்லாத குறையைப் போக்கத்தான் தொடங்கியது. அதுவே கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து நாடு முழுவதிலிருந்தும் ஆட்களை வரவழைத்திருக்கிறது. இதில் நமக்குப் பெருமைதான் இருக்க வேண்டும்.

வரிசை நீளமாக இருப்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு நிபுணர் ஒரு நாளில் இத்தனை பேரைத்தான் பார்க்க முடியும். மூன்று வாரம் பொறுக்கக்கூடிய நோயாளிக்கு மூன்று வாரம் கழித்துத் தேதி கொடுப்பதிலும் தவறில்லை. யார் பொறுக்கக்கூடியவர், யார் பொறுக்க முடியாதவர் என்று ஒருவரும் கேட்காமலே தேதி கொடுக்கப்படுவதுதான் என் மனத்தை அறுக்கிறது. அந்தக் கேள்வி இல்லாத இடத்தில்தான் தரகர் நுழைகிறார். சோளிங்கர் வாசகரிடம் இரண்டாயிரம் கேட்டவர், நோயின் அவசரத்தை அளந்து கேட்கவில்லை. மகனின் பயத்தை அளந்து கேட்டார். பணம் உள்ள முதுகுவலிக்காரர் முன்னே போவார். பணம் இல்லாத சிறுநீரக நோயாளி பின்னே நிற்பார். முன்பதிவு செய்தவர்களின் பெயரையே பயன்படுத்தி, போலிச் சீட்டு அடித்துக் கொடுக்கும் ஆட்களும் உண்டு. மருத்துவமனையின் சொந்த மேசையிலோ சொந்த இணையதளத்திலோ தவிர வேறெங்கும் பணம் கட்டாதீர்கள்.

உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு செய்தி. வேலூர் பென்ட்லண்ட் அரசு மருத்துவமனை வளாகத்தில் அரசு உயர் சிறப்பு மருத்துவமனை 2025 ஜூன் மாதம் திறக்கப்பட்டிருக்கிறது. குடியாத்தம், வாலாஜா, திருப்பத்தூர் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. இங்கெல்லாம் காலையில் ஓ.பி. சீட்டு வாங்கினால் அன்றே ஒரு மருத்துவர் பார்ப்பார். அவர் நிபுணர் இல்லாமல் இருக்கலாம். முதலில் நமக்குத் தேவைப்படுவது, நம்மைத் தொட்டுப் பார்த்து, இது காத்திருக்கக்கூடியதா என்று சொல்லக்கூடிய ஒரு மருத்துவர்தான்.

காட்பாடி, 13 நவம்பர்

இப்படித் தேதியைத் தள்ளிக் கொடுப்பதை எதிர்த்துக் கேட்கச் சட்டத்தில் இடமுண்டா என்று வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்குச் சிகிச்சை அளித்து உயிர் காக்கும் கடமை, அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் இருவருக்கும் உண்டு என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. காவல்துறை வரட்டும், முதலில் வழக்குப் பதியட்டும் என்று தாமதிக்கக் கூடாது என்பதும் அதில் அடங்கும். 1996இல் வந்த மற்றொரு தீர்ப்பு நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. மேற்கு வங்கத்தில் இரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட விவசாயத் தொழிலாளர் ஒருவரை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. கடைசியில் தனியார் மருத்துவமனையில் பணம் கட்டி வைத்தியம் பார்த்துக்கொண்டார். அரசு மருத்துவமனை உரிய நேரத்தில் சிகிச்சை தராமல் போனால், அது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையை மீறுவதாகும் என்று தீர்ப்பளித்து, அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னார்கள்.

இந்தத் தீர்ப்புகள் அவசர சிகிச்சையைப் பற்றியவை. அப்பாயின்ட்மென்ட் மேசையில் யாரும் நம்மைத் துரத்துவதில்லை. ஒரு தேதியைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அதை மறுப்பு என்று வழக்காடி நிறுவுவது கடினம். ஆகவே வழக்கை நம்பி இருக்காமல், மேசையின் நடைமுறையை மாற்றச் சொல்லிக் கேட்பதே வழி என்று நினைக்கிறேன்.

காட்பாடி, 18 நவம்பர்

இதுவரை எழுதியதில் ஒரு பெரிய கூட்டம் விடுபட்டிருக்கிறது. ஆம்பூர் வாசகர் தன் அக்காவைப் பற்றி எழுதியிருக்கிறார்: மார்பில் கட்டி, கெட்டியாக இருக்கிறது, தோல் உள்ளிழுத்திருக்கிறது, தேதி அடுத்த மாதம். இது அவசரப் பிரிவுக்கான நோய் இல்லை. அங்கே போனால் பச்சையில் உட்கார வைப்பார்கள். அதற்காக ஒரு மாதம் சும்மா இருக்கவும் முடியாது. மலத்தில் இரத்தம் போகிறவர், காரணமின்றி எடை குறைகிறவர், மஞ்சள் காமாலை நாளுக்கு நாள் கூடுகிறவர் எல்லோரும் இந்த இரண்டுங்கெட்டான் நிலையில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். காயமாகவோ மயக்கமாகவோ இருந்தால் ஊரே கூடித் தூக்கிக்கொண்டு ஓடும். உள்ளே வளர்கிற நோய்க்கு யாரும் ஓடுவதில்லை.

இவர்களுக்கு உதவுவது நல்ல ரெஃபரல் கடிதம். நம் பக்கத்தில் எழுதிக் கொடுக்கும் கடிதங்கள் பெரும்பாலும் "மேல் சிகிச்சைக்காக அனுப்பப்படுகிறது" என்ற ஒரே வரியோடு முடிந்துவிடுகின்றன. அதைப் படிக்கிற மேசைக்காரருக்கு அதிலிருந்து எதுவும் விளங்காது. கட்டி எத்தனை சென்டிமீட்டர், எத்தனை வாரமாக வளர்கிறது, அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா, எந்த நோயைச் சந்தேகிக்கிறோம், எத்தனை நாளுக்குள் பார்க்க வேண்டும் என்பவற்றை உங்கள் ஊர் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தக் கடைசி விவரம் மிக மிக முக்கியம். "பத்து நாளுக்குள்" என்று ஒரு மருத்துவர் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தால், மேசையில் இருப்பவர் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கேட்க ஓர் ஆதாரம் கிடைக்கிறது. முடிந்தால் அவரையே நிபுணரிடம் தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள். மருத்துவர் மருத்துவரிடம் இரண்டு நிமிடம் பேசுவதால் திறக்கிற கதவு, நாம் இரண்டு நாள் கெஞ்சினாலும் திறக்காது.

காட்பாடி, 19 நவம்பர்

ஒரு திருத்தம். 104ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும் என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஆம்புலன்ஸுக்கு 108. மருத்துவ ஆலோசனைக்கும், அரசு மருத்துவமனைகளைப் பற்றிய புகாருக்கும் 104. போகலாமா வேண்டாமா என்ற குழப்பத்தில் நள்ளிரவில் இருப்பவர்களுக்கு 104 நல்ல துணை.

காட்பாடி, 20 நவம்பர்

கைப்பேசியில் முன்பதிவு செய்வது எளிதாகிவிட்டது என்று இளைஞர்கள் எழுதுகிறார்கள். என் அம்மாவிடம் இருப்பது பொத்தான் போன். ஓடிபி வந்தால் அதை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பையனிடம் ஓடுவார். அவன் கல்லூரிக்குப் போயிருந்தால் அந்த எண் காலாவதியாகிவிடும். ஆன்லைனில் எல்லா இடங்களும் காலையிலேயே நிரம்பிவிடுகிற இடங்களில், நேரில் வந்து நிற்கும் முதியவருக்கென்று ஒரு பங்கை ஒதுக்கி வைத்தால் நல்லது.

காட்பாடி, 23 நவம்பர்

அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு நெடுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. "நீங்கள் தேதியைப் பற்றிப் பேசுகிறீர்கள், எங்கள் மலையில் சாலையே பிரச்சினை" என்கிறார். 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இறந்தது. சாலை இல்லாததால் பாதி வழியோடு ஆம்புலன்ஸ் நின்றுவிட, தாய் குழந்தையின் உடலைக் கையில் ஏந்தி மலையேறினார். செய்தித்தாள்களில் எல்லோரும் படித்தோம்.

மலைக்கிராமத்தாருக்கு நான் சொல்லக்கூடிய அறிவுரை எதுவும் போதாது என்று தெரிகிறது. காய்ச்சலோ வீக்கமோ தொடங்கியதும், மூச்சு வாங்கும்வரை பொறுக்காமல், நடக்க முடிகிற நாளிலேயே கீழே வந்துவிடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பாம்புக்கடி என்றால் கடிவாய்க்கு மேல் கயிறு கட்டாமல், வாயால் உறிஞ்சாமல், அந்தக் கை காலை அசைக்காமல் தாங்கிக் கொண்டுவாருங்கள். கடித்த பாம்பைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். வீடு தேடி வரும் மக்களைத் தேடி மருத்துவம் ஊழியரிடம், மூச்சை எண்ணிப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

காட்பாடி, 30 நவம்பர்

நாளை திங்கட்கிழமை, சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்வு நாள் கூட்டத்தில் மனு கொடுக்கிறோம். வாணியம்பாடி செவிலியரும் என் சித்தியும் சேர்ந்து அதைத் திருத்திக் கொடுத்தார்கள். மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநருக்கும் ஒரு படி போகிறது. தனியார் கிளினிக்குகளும் மருத்துவமனைகளும் பதிவுச் சான்று பெறுவது 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் என்பதால், அவற்றுக்கு நடைமுறை சொல்ல அந்த அலுவலகத்துக்கு இடமுண்டு என்று கருதுகிறோம்.

மனுவில் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நேரிலோ தொலைபேசியிலோ தேதி கேட்பவரிடம், பெயரைக் கேட்பதற்கு முன்னால், என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு வலிக்கிறதா, நினைவு தெளிவாக இருக்கிறதா, சிறுநீர் போகிறதா என்று கேட்க வேண்டும். ஒன்றுக்கு ஆம் என்றாலும் செவிலியர் ஒருவரிடம் மாற்றிவிட வேண்டும். நேரில் வந்தவராக இருந்தால், காய்ச்சல்மானி, இரத்த அழுத்தக் கருவி, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், ஒரு கடிகாரம் ஆகியவற்றைக் கொண்டு செவிலியர் அங்கேயே பார்த்துவிட வேண்டும். இங்கிலாந்தில் 2012 முதல் வார்டு நோயாளிகளின் நிலை மோசமாவதை முன்கூட்டியே கண்டுபிடிக்கச் செவிலியர்கள் குறித்துவரும் மதிப்பெண் முறையும், மூச்சு, ஆக்சிஜன், நாடி, இரத்த அழுத்தம், நினைவு, காய்ச்சல் என்ற இதே அளவுகளைத்தான் பயன்படுத்துகிறது. அதற்கு விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. காத்திருக்கச் சொல்லும் ஒவ்வொரு தேதிச் சீட்டின் பின்புறத்திலும், இன்னின்ன அறிகுறி வந்தால் இந்தத் தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே வாருங்கள் என்று தமிழில் அச்சிட்டிருக்க வேண்டும். வெளியூர் நோயாளிகளுக்காக இந்தியிலும் வங்காளத்திலும் இருந்தால் இன்னும் நல்லது.

கையெழுத்திட விரும்புகிறவர்கள் காலை ஒன்பதரை மணிக்குள் ஆட்சியர் அலுவலக வாயிலுக்கு வாருங்கள். வர முடியாதவர்கள், தேதி கேட்டபோது உங்களிடம் நோயைப் பற்றிக் கேட்டார்களா இல்லையா என்பதை, மருத்துவமனையின் பெயரைக் குறிப்பிடாமல், இங்கே எழுதி அனுப்புங்கள். இன்றிரவுக்குள் வருபவற்றை அச்செடுத்து மனுவோடு இணைக்கிறேன்.